காயம் ஆறுவதில் வெள்ளையணுக்களுக்கு என்ன வேலை?

"கிருமியோடு சண்டை போடத்தானே வெள்ளையணுக்கள்? காயம் ஆறுவதில் அவற்றுக்கு என்ன பங்கு? எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் கத்தி பட்டு விரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். முதல் நாள் சுற்றிலும் சிவந்து, சூடாகி, விண் விண்ணென்று தெறித்தது. ரத்தக் குழாய்கள் விரிந்து நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து இறங்கும் நேரம் அது. கிருமிகளைக் கொன்று, ஓரிரு நாளில் தாமும் செத்துப்போகும். இரண்டு, மூன்று நாளில் மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கி வெள்ளையணுக்கள் குவிந்து அந்தப் பிணங்களை விழுங்கும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அப்படி விழுங்குவதே அவற்றின் குணத்தை மாற்றிவிடுகிறது. அதுவரை அழற்சியை (அந்தச் சிவப்பையும் சூட்டையும்) தூண்டியவை அதை அடக்கவும், புதுத் திசு வளரவும் சமிக்ஞை அனுப்பத் தொடங்குகின்றன. இடித்த ஆளே கொத்தனாராக மாறுவது மாதிரி.

தசையிலும் ஏறக்குறைய இதே கதைதான். கூடவே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து, புதுத் தசையை உருவாக்கும் ஸ்டெம் செல்களை முடுக்கிவிடும்.

கல்லீரல் தனி ரகம். மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அங்கேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ்களான குப்ஃபர் செல்களும் அதற்குத் தூண்டுதல் தருகின்றன. ஆனால் மதுவோ வைரஸோ ஓயாமல் தாக்கினால் தழும்பு மேல் தழும்பாகச் சேர்ந்துகொண்டே போகும். தாக்குதல் நின்றால் அந்தத் தழும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதும் மேக்ரோபேஜ்கள்தான்.

இதயம் பாவம். வளர்ந்தவர்களின் இதயத் தசை செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. அதனால் மாரடைப்புக்குப் பிறகு தழும்பு போட்டு ஒட்டுவதுதான் ஒரே வழி. அதையும் லேசாக நினைக்க வேண்டாம், அது உறுதியாக அமையாவிட்டால் இதயச் சுவரே கிழியலாம். பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குட்டியின் இதயமோ அடிபட்டாலும் திரும்ப வளர்கிறது. அதன் மேக்ரோபேஜ்களை நீக்கிப் பார்த்தார்கள். வளரவில்லை, தழும்புதான் மிஞ்சியது.

அப்புறம், "இம்யூனிட்டியைக் கூட்டுங்கள்" என்ற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். காயத்துக்கு வேண்டியது கூடுதல் படை இல்லை, நேரத்தில் வேலையை மாற்றிக்கொள்ளும் படை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதற்கு ஒரு காரணம், அங்குள்ள மேக்ரோபேஜ்கள் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு இன்னும் இடித்துக்கொண்டே இருப்பதுதான்.