பேராதனையில் படிப்பு, தலவாக்கலையில் சனி ஞாயிறு

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போகிறேன். அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? வார இறுதிகளில் எங்கே போகலாம்? இரண்டு வருடத்தில் மலையகம் முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

நான் 2016 முதல் 2018 வரை பேராதனையில் விவசாயத்தில் பட்டமேற்படிப்பு படித்தேன். ஊர் கோத்தகிரி. எங்கள் அப்பாயி தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தை ஊரில் இன்றும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். நான் சனி ஞாயிறுகளைக் கழித்த விதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முழுவதையும் பார்க்க முயற்சி செய்ய வேண்டாம். முதல் மூன்று மாதம் நான் அதைத்தான் செய்தேன். எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி என்று வாரம் ஓர் ஊர். எல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் எந்த ஊரிலும் ஒருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவில்லை. அப்புறம் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக ஆரம்பித்தேன். அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்லதெல்லாம் அதற்குப் பிறகு கிடைத்ததுதான்.

அன்றாட வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. வளாகத்துக்குள்ளேயே மகாவலி ஓடுகிறது, பின்னால் ஹந்தானை மலை. குரங்குகள் அதிகம், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். பாடம், பரீட்சை, ஆய்வறிக்கை எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில்தான். வெளியே சிங்களம் வேண்டும். விலை கேட்க 'கீயத', பஸ்ஸில் இறங்க 'பஹினவா', எண்கள் நூறு வரை. முதல் மாதத்துக்கு இது போதும். வெளியே வாடகைக்கு எடுக்கும் அறைக்குப் பெயர் 'போர்டிங்'. என் முதல் போர்டிங்கில் கொடுத்த முற்பணம் திரும்பி வரவே இல்லை, அதனால் நீங்கள் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வதிவிட விசாவை வருடாவருடம் நீட்டிக்கக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போனேன். அதற்கு ஒரு வேலைநாள் முழுதாகப் போய்விடும்.

சாப்பாட்டில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். அங்கே 'கறி' என்றால் குழம்பு, கூட்டு எல்லாமே கறிதான். பருப்புக் கறி, கிழங்குக் கறி என்று சொன்னால் பயப்பட வேண்டாம். ஆனால் சைவக்காரர் என்றால் சம்பலில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள், அதில் பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும். மதியத்துக்குச் சோத்துப் பார்சல் எங்கும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாலை வளாகத்தின் மேட்டில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்குப் போங்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, தமிழ் மாணவர்கள் கூடுகிற இடம் அது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் 'ஓம், கதைப்பம்' என்பார்கள், மலையகப் பிள்ளைகள் 'சரி, பேசுவோம்' என்பார்கள். என் வார இறுதிகளை மாற்றிய தோழியை அங்கேதான் சந்தித்தேன். அவள் வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். ஒரு நாள் பேச்சுவாக்கில் "சனிக்கிழமை கோச்சியில வீட்டுக்குப் போறேன், வர்றியா?" என்று கேட்டாள்.

ரயிலைக் கோச்சி என்று சொல்லும் ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் அப்பாயிதான். கோத்தகிரியில் வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இவள் சர்வசாதாரணமாகச் சொன்னதும் உடனே சரி என்றுவிட்டேன்.

காலையில் கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் பொடி மெனிக்கே என்ற ரயிலில் ஏறினோம். பேராதனைச் சந்தியிலும் ஏறலாம், ஆனால் சீட் வேண்டுமென்றால் கண்டியிலேயே ஏறுவது நல்லது. கம்பளை, நாவலப்பிட்டி வரை வெயில். அதற்கப்புறம் கோச்சி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், காற்று மாறும். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்க எல்லோரும் ஒன்றாகக் கூவுவார்கள், பெரியவர்களும்தான். வெளியே வந்தால் கொட்டகலை, இரண்டு பக்கமும் தேயிலை. தலவாக்கலைக்கு முன்னால் செயின்ட் கிளயர் அருவி தெரியும். இரவில் அதன் சத்தம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் வரைக்கும் கேட்கும் என்று அப்பாயி சொல்லியிருந்தார். மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அருவிக்கு வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. நான் பார்த்தபோது பாறைதான் அதிகம் தெரிந்தது. இதை மட்டும் அப்பாயியிடம் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தோழியின் அம்மா வீட்டில் இல்லை. "மலைக்குப் போயிருக்காங்க" என்றாள். தேயிலை நிற்கும் இடத்தைத் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வார்கள். நாங்களும் ஏறிப் போனோம். இடுப்பில் படங்கு என்ற கெட்டித் துணியைக் கட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே பறித்துக்கொண்டிருந்தார். கண் எங்களிடம் இருந்தது, கை கொழுந்தில் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நான் புத்தகத்தில் படித்ததை அவருடைய விரல் பார்க்காமலே எடுத்தது. "மழை பிந்தினா சுத்து நீண்டுரும், இலை முத்திரும். முத்துன இலைய நிறுக்கையில கழிச்சிருவாங்க" என்றார். ஒரே செடிக்குத் திரும்பக் கொழுந்தெடுக்க வரும் இடைவெளிதான் சுத்து. அந்தத் தோட்டத்தில் அப்போது நாளுக்கு 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். 2016 அக்டோபரில் வந்த கூட்டு ஒப்பந்தத்தில், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தே அப்போது நாளுக்கு 730 ரூபாய்தான் கிடைத்தது. வகுப்பில் நாங்கள் அட்டவணையில் 'தொழிலாளர் செலவு' என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுவது இதைத்தான். தேயிலை படிக்கப் போகிற யாரும் ஒரு நாளாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். வீட்டு முன்திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். இதுவும் எங்கள் வீட்டில் அப்பாயி மட்டும் சொல்லும் சொல். சின்ன வயதில் பள்ளியில் நான் இதைச் சொல்லி, அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று திருத்தப்பட்டிருக்கிறேன். இங்கே நான்கு வயதுப் பிள்ளை "இஸ்தோப்புல செருப்பக் கழட்டு" என்றது.

வீடியோவில் அப்பாயியைக் கூப்பிட்டேன். முதல் கேள்வி, "பீலி இருக்கா?" மலை ஊற்றைக் குழாய் வைத்து இறக்கி, லயத்துக்குப் பக்கத்தில் விழவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். யாரோ ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டிருந்தது. அப்பாயி ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் தோழியின் அம்மா போனை வாங்கிக்கொண்டார். "எந்தத் தோட்டம் ஆயா? மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?" கணக்கு என்றால் தோட்டத்தின் பிரிவு. அப்படியே முக்கால் மணி நேரம் பேசினார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன கோச்சியை 'ஒப்பாரிக் கோச்சி' என்று சொல்வார்களாம். ஏறுகிறவர்களும் அழ, அனுப்புகிறவர்களும் அழ, அந்தப் பெயர். தோழியின் அம்மாவுக்கு அவருடைய தாய் சொன்னது. அந்தக் கோச்சியில் உள்ளே உட்கார்ந்து போனவர் எங்கள் அப்பாயி. அது வரைக்கும் எங்கள் யாரிடமும் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்னதில்லை.

அப்பாயியின் தோட்டம் எதிர் மலையில்தான் இருந்தது. மூன்றாவது முறை போனபோது நடந்தே போய்ப் பார்த்தோம். அவர் இருந்த லயம் இடிந்து, அந்த இடத்தில் யாரோ கரட்டும் லீக்ஸும் போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோவில் மட்டும் புதுப் பெயின்டோடு நின்றது. அங்கே விபூதி வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

உங்களுக்குத் தலவாக்கலையில் சொந்தபந்தம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. வகுப்பில் யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். மாத்தளையாக இருக்கலாம், அப்புத்தளையாக இருக்கலாம். போங்கள், இரண்டாவது முறையும் போங்கள். முதல் முறை போகிறவர் விருந்தாளி. மூன்றாவது முறை தேங்காய் துருவக் கொடுப்பார்கள்.

வேறு இடங்களுக்கும் போகத்தான் வேண்டும் என்றால் மழையைப் பார்த்துப் போங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அடித்துப் பெய்யும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் பையில் இருக்கட்டும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் காய்ந்த காற்று வீசும். கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் ஏறும், ஊவாத் தேயிலையின் நல்ல பருவம் அதுதான். ஹட்டன், தலவாக்கலை இருக்கும் டிம்புலப் பக்கத்துக்கு அதே பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பயணத் திட்டம் போட்டேன், ஒரு முறைகூட வீண்போகவில்லை. சிவனொளிபாதமலைக்கும் மார்கழிப் போயாவிலிருந்து மே மாதத்து வெசாக் போயா வரைதான் பருவம். ஹட்டனில் இறங்கி நல்லதண்ணிக்குப் பஸ். 5,000 படிக்கு மேல், இரவு இரண்டு மணிக்கு ஏற ஆரம்பித்தால் விடியலுக்கு மேலே நிற்கலாம். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். போயா மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் கிடைக்கும், ஆனால் கோச்சியில் கால் வைக்க இடம் இருக்காது.

வளாகத்துப் பக்கத்திலேயே ஒரு நாள் பயணம் வேண்டுமென்றால் கலஹா வழியாக லூல்கந்துரவுக்குப் போங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கிய தோட்டம் அது. அவர் உட்கார்ந்த கல் இருக்கையைக் காட்டுவார்கள். அந்தச் செடிகளில் முதன்முதலில் கொழுந்து எடுத்த கைகளின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. நான் அங்கே நின்றபோது அந்த நினைப்புத்தான் இருந்தது.

கடைசியாக, திங்கள் காலை வகுப்பு இருந்தால் ஞாயிறு மாலைக் கோச்சியை நம்ப வேண்டாம், அடிக்கடி தாமதமாகும். மதியமே ஹட்டனுக்கு வந்து கண்டி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். தோழியின் அம்மா தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக் கொடுப்பார். அந்த ரொட்டி திங்கள் மதியம் வரை கெடாது.