கொதிக்க விடாத சாறு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இத்தாலியின் பொலோன்யா நகரில் முதுகலை படிக்கிறேன். சென்ற மாதம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது, மேல்மாடியில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் சிறு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து கொடுத்தார். தெளிந்த, பொன்னிறமான சாறு. அதில் நுண்ணிய நட்சத்திர வடிவப் பாஸ்தா. வேறு எதுவுமே இல்லை. ஆனால் அன்று வயிறு ஏற்றுக்கொண்டது அதை மட்டும்தான். உடம்பு தேறிய பிறகு நானே செய்து பார்த்தேன். பாஸ்தீனா என்று விற்கும் பொட்டலத்தை வாங்கி, காரட், செலரி, வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாவற்றையும் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, பாஸ்தாவையும் அதிலேயே கொட்டினேன். கலங்கலான கஞ்சிதான் வந்தது. மறுநாள் கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு இறுகிவிட்டது. எங்கே தவறினேன்?

இன்னொன்று. நான் இறைச்சி உண்பதில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது அவர், “இறைச்சி இல்லை, வெறும் பிரோதோதான்” என்றார். அப்படியென்றால் என்ன? அவருடைய பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதே சூப்பைச் செய்து நிரப்பித் திருப்பித் தர வேண்டும் என்று ஆசை.

ம., பொலோன்யா

*

அன்புள்ள ம.,

உங்களுக்கு உவப்பில்லாத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரோதோ என்பது, பெரும்பாலும், கோழியையோ மாட்டிறைச்சியையோ எலும்போடு சேர்த்து மணிக்கணக்கில் நீரில் வேகவைத்து வடித்தெடுத்த சாறு. காய்கறிச் சாறாக இருந்தால் அதைத் தனியாகக் ‘காய்கறிப் பிரோதோ’ என்று குறிப்பிட்டுச் சொல்வார்கள். அந்த மூதாட்டி உங்களை ஏமாற்றவில்லை. தட்டில் துண்டாகக் கிடப்பதே இறைச்சி, நீரில் இறங்கிவிட்டது இறைச்சியல்ல என்பது அவர் வளர்ந்த சமையலறையின் கணக்கு. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு மாடி இறங்கிக் கொண்டுவந்தவரிடம் இதற்காக மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். அடுத்த முறை ‘இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘எதை வேகவைத்துச் செய்தீர்கள்’ என்று கேளுங்கள்.

பாஸ்தீனா என்றால் குட்டிப் பாஸ்தா என்றுதான் பொருள். நீங்கள் உண்ட நட்சத்திரத்துக்கு ஸ்தெல்லீனே என்று பெயர். மிளகுமணி போன்றது ஆச்சினி தி பெப்பே. சிறு வளையங்கள் அனெல்லீனி. எழுத்துகளின் வடிவிலும் உண்டு. இதைச் சாற்றில் வேகவைத்தால் பாஸ்தீனா இன் பிரோதோ. வீட்டில் பேசும்போது மினெஸ்த்ரீனா, அதாவது சின்ன சூப், என்பார்கள். பால் மறக்கும் குழந்தைக்கும், வயிறு கெட்டவருக்கும், பல் போன முதியவருக்கும், களைத்து வீடு திரும்பி இரவில் சமைக்க மனமில்லாதவருக்கும் அங்கே இதுதான் உணவு. உணவகப் பட்டியல்களில் இதை அதிகம் பார்க்க முடியாததற்குக் காரணமும் அதுவே. காசு கொடுத்து உண்ண வேண்டிய பண்டமாக யாரும் இதை நினைப்பதில்லை. ஆயினும் அமெரிக்காவில் ரொன்சோனி நிறுவனம் தன் நட்சத்திரப் பாஸ்தீனாவை நிறுத்தப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தபோது, அங்குள்ள இத்தாலிய வம்சாவளியினர் தங்கள் பாட்டியையே யாரோ அவமதித்துவிட்டதைப்போலக் கொதித்தெழுந்தார்கள்.

இனி உங்கள் தவறுக்கு வருகிறேன். இந்த சூப்பைப் பாஸ்தா என்று எண்ணியதுதான் தவறு. இது சாறு, பாஸ்தா அதில் வந்துபோகும் விருந்தாளி. எளிய சூப் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு நீங்கள் அரை மணி நேரத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதன் எளிமை உண்பவருக்கு மட்டுமே உரியது. சமைப்பவரின் வேலை முழுவதும், உங்கள் கதவு தட்டப்படுவதற்கு வெகுநேரம் முன்பே, யாரும் பார்க்காதபோது முடிந்துவிட்டிருக்கும்.

பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் வெளியிட்ட சமையல் நூலை இன்றும் இத்தாலிய வீடுகளில் வைத்திருக்கிறார்கள். எண்ணிட்ட அதன் குறிப்புகளில் முதலாவதே பிரோதோதான். இறைச்சியைக் குளிர்ந்த நீரில் இட வேண்டும், மெல்ல மெல்லக் கொதியேற்ற வேண்டும், ஒருபோதும் பொங்கி வழிய விடக் கூடாது என்கிறார். அந்தப் பக்கத்திலேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சாற்றில் ஊட்டமே இல்லை, அது செரிமான நீரைத் தூண்டுவதற்கு மட்டுமே உதவும் என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்று குறிப்பிட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை, ஆனால் இந்தப் புதிய கொள்கை பொதுப் புத்திக்கு ஒவ்வாததாகத் தோன்றுகிறது என்று பணிவோடு குத்துகிறார்.

குளிர்ந்த நீர், சிறு தீ என்பதற்குக் காரணம் உண்டு. மெதுவாகச் சூடேறும்போது இறைச்சியிலிருந்து கரைந்து வரும் புரதம் நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. அதைக் கரண்டியால் எடுத்துவிடலாம். தளதளவென்று கொதிக்க விட்டால் அந்த நுரையும் கொழுப்பும் பொடிப்பொடியாகச் சிதறி நீரோடு கலந்துவிடும். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் கலங்கல் போகாது. காய்கறிச் சாற்றில் புரதமும் கொழுப்பும் பெரிதாக இல்லை, ஆனால் காய்களே குழைந்து உடைந்து கரையும், விளைவு ஒன்றுதான். ஆகவே பாத்திரத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் சோம்பலாக எழுந்து உடைய வேண்டும், அவ்வளவுதான் தீ. “கிழட்டுக் கோழியே நல்ல சாறு தரும்” என்று இத்தாலியில் ஒரு பழமொழி இருக்கிறது. வயதான கோழியின் இணைப்புத் திசுவுக்கு அந்தச் சோம்பல் தீயில் நெடுநேரம் வேண்டும். உங்களுக்குக் கோழி வேண்டாம் என்பதால் அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி மிச்சம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இரண்டு லிட்டர் குளிர்ந்த நீர், இரண்டு காரட், இரண்டு செலரித் தண்டு, ஒரு சிறிய தக்காளி, பார்ஸ்லி கிடைத்தால் அதன் காம்புகள். ஒரு பெரிய வெங்காயத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தை எண்ணெயில்லாத வாணலியில் நன்கு கருகும்வரை வைத்து எடுத்துப் போடுங்கள். இறைச்சியில்லாத சாற்றுக்கு அந்தப் பொன்னிறத்தை அதுதான் தரும். காய்களைப் பொடியாக நறுக்க வேண்டாம். மூடியைச் சற்றுத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, பிழியாமல், அழுத்தாமல் வடியுங்கள். கரண்டியால் அழுத்தி இன்னும் அரைக் குவளை எடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த அரைக் குவளைதான் மொத்தத்தையும் கெடுக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் சாறு வற்றும், பின்னால் சேரும் பாலாடைக்கட்டியிலும் உப்பு இருக்கிறது. பூண்டும் மிளகும் வேண்டாம். காய்ச்சல் என்றதும் நம் கை மிளகை நோக்கிப் போவது இயல்புதான், ஆனால் அதைப் போட்டபின் அது நல்ல வேறொரு சூப்பாக இருக்கும், அவர் கொடுத்ததாக இருக்காது.

பாஸ்தாவைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: கிண்ணத்தில் ஊற்றப்போகும் சாற்றில் மட்டுமே, உண்ணப்போகும் நேரத்தில் மட்டுமே. ஒருவருக்கு 300 மில்லிலிட்டர் சாறு, 30 கிராம் பாஸ்தீனா. பொட்டலத்தில் இது மிகக் குறைவாகத் தெரியும். நானும் முதல் முறை அப்படி நினைத்து அரைப் பொட்டலத்தை நான்கு பேருக்கான சாற்றில் கொட்டி, விருந்தினர்களுக்குக் கத்தியால் வெட்டித் தரும் நிலைக்கு வந்தேன். இத்தாலியில் 1967 முதலே சட்டப்படி உலர் பாஸ்தா டூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில்தான் செய்யப்பட வேண்டும். அந்தக் கோதுமையின் புரதம் மாவுச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் இத்தனை சிறிய நட்சத்திரமும் ஐந்தாறு நிமிடம் முனை மழுங்காமல் வேகும். ஆனால் அடுப்பை அணைத்தாலும் அது நீரை உறிஞ்சுவதை நிறுத்தாது. உங்கள் கரண்டி நின்றது அதனால்தான். மிச்சச் சாற்றைப் பாஸ்தா இல்லாமல் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இனிப் பாலாடைக்கட்டி. பார்மசான் என்று நாம் சொல்லும் பர்மிஜானோ ரெஜ்ஜானோவின் தோலைத் தூக்கி எறியாமல் சாற்றில் போட்டு வேகவைப்பது அங்கே பழைய வழக்கம். அந்தத் தோல் மெழுகல்ல. குறைந்தது 12 மாதம் முதிர்ந்த கட்டியின் காய்ந்த புறப்பகுதி. சுவை கூட்டும் குளூட்டமேட் அதில் நிறைந்திருக்கிறது. இறைச்சியில்லாத சாற்றின் மெலிவை இதைவிட நன்றாக எதுவும் சரிசெய்வதில்லை. ஆனால் உங்களுக்கு இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. பர்மிஜானோவில் பாலைத் திரிக்க இளங்கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியையே பயன்படுத்துகிறார்கள், விதியே அப்படித்தான். அதைப் போன்ற இன்னொரு கட்டியான கிரானா பதானோவிலும் விலங்கு நொதிதான். அது உங்களுக்கு உறுத்துமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உறுத்துமென்றால், உறையில் நொதியைக் குறிக்கும் ‘காலியோ’ என்ற சொல்லைத் தேடி, அதன் அருகே ‘வெஜெத்தாலே’ (தாவர நொதி) அல்லது ‘மிக்ரோபிகோ’ (நுண்ணுயிர் நொதி) என்று இருக்கும் முதிர்ந்த கட்டியை வாங்குங்கள். முட்டை உண்பீர்களானால், ரோம் நகரத்தார் செய்வதுபோல முட்டையையும் துருவிய கட்டியையும் அடித்துச் சாற்றில் ஊற்றிக் கிளறலாம். அது ஸ்திராச்சதெல்லா என்னும் வேறு சூப், ஆனால் நெருங்கிய உறவு.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ‘தாதோ’ எனப்படும் சாற்றுக் கட்டியை வெந்நீரில் கரைத்து, நட்சத்திரங்களைப் போட்டு, பத்து நிமிடத்தில் குழந்தைக்கு ஊட்டிவிடும் இத்தாலியத் தாய்மார் ஏராளம். அந்தக் குழந்தைகளும் வளர்ந்தபின் அதே ஏக்கத்தோடுதான் அதை நினைக்கிறார்கள். தேர்வு நாளில் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

பாத்திரத்தைப் பற்றி. அதை வெறுமையாகத் திருப்பித் தர மனம் வராதது எனக்குப் புரிகிறது. ஆனால் பொலோன்யா, கிறிஸ்துமஸ் அன்று தோர்த்தெல்லீனி என்னும் பூரணம் வைத்த சிறு பாஸ்தாவைச் சாற்றில் மிதக்கவிட்டு உண்ணும் ஊர். அங்கே ஒரு மூதாட்டியிடம் அவருடைய சூப்பையே செய்து கொடுத்தால், அவர் அன்போடு வாங்கிக்கொண்டு சாற்றின் தெளிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சேமியாப் பாயசம் வைத்துக் கொடுங்கள். கோதுமை இழையைப் பாலில் வேகவைப்பது அவருக்கு வியப்பாக இருக்கும், குறை கண்டுபிடிக்கவும் தெரியாது. சர்க்கரையை மட்டும் நம் அளவில் பாதியாகப் போடுங்கள்.