விரலில் குத்துவதை விடாதீர்கள், ஆச்சி

கேள்வி: எனக்கு வயது 63. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை அனுப்பி, செல்போனில் ஆப்பும் போட்டுக் கொடுத்தான். தினம் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. ராத்திரி எண்ணிக்கை குறைந்தால் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்து நிரப்புகிறேன், முழங்கால் வலிக்கிறது. தூக்கத்துக்கும் மார்க் போடுகிறது. மார்க் குறைந்தால் நாளெல்லாம் சோர்வு. சர்க்கரையையும் வாட்சே காட்டுவதால் விரலில் குத்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இந்த ஆப்பெல்லாம் உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பதற்றம் தருகிறது. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கி நினைவு தப்பலாம். குறைத்தால் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும், வெளியே தெரியாது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு வகை; அதன் மெல்லிய இழை தோலுக்குள் போய் அளக்கிறது. உங்களிடம் இருப்பது அதுவல்ல. இன்றே குளுக்கோமீட்டரை வெளியே எடுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஆப் நல்லது செய்யுமா என்றால், நடக்க வைக்கும். நடையை எண்ணும் கருவிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் லான்செட் குழும இதழ் ஒன்று வெளியிட்டது: கருவி கட்டியவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள். உட்கார்ந்தே இருப்பவரை எழுப்பிவிட அது போதும். எடை குறைந்ததோ சுமார் ஒரு கிலோதான்.

10,000 என்பது எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண் அது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. முழங்காலைத் தேய்த்து எண்ணை நிரப்ப எந்த அவசியமும் இல்லை.

ஆனால் ராத்திரி நடையை அடியோடு விட்டுவிடாதீர்கள். நியூசிலாந்தில் சர்க்கரைக்காரர்களை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்த வித்தியாசம் அதிகம். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நீளும் வீடு உங்களுக்கு இருக்கிறது. மழை, வெயில், தெருநாய் என்ற கவலையே இல்லை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு கூட்டலாம்.

சாப்பாட்டுக் கணக்கை மட்டும் ஆப்பிடம் ஒப்படைக்காதீர்கள். நீங்கள் 'பணியாரம்' என்று பதிந்தால், அது குழிப் பணியாரமா, எண்ணெயில் பொரித்தெடுத்த வெள்ளைப் பணியாரமா என்று அதற்கு எப்படித் தெரியும்? கவுனி அரிசியைச் சத்துள்ள தானியம் என்று பாராட்டும். நீங்கள் அதில் போட்ட சீனியும் நெய்யும் தேங்காயும் அதற்குத் தெரியாது. கல்யாண வீட்டில் இலையில் விழும் கந்தரப்பத்துக்கு எத்தனை கலோரி என்று தேடுவதைவிட, ஒன்றோடு நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். உங்கள் உடம்பு அதை எப்படி ஏற்றது என்பது அதில் தெரியும்.

தூக்க மார்க்கை இன்றே அணைத்துவிடுங்கள். அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து வாட்ச் ஊகிக்கிற விஷயம் அது. நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று சும்மா சொல்லப்பட்டவர்களே மூளைக்கு வேலை தரும் சோதனைகளில் பின்தங்கினார்கள் என்று 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்கள் சோர்வில் பாதி அந்த மார்க் தருவதாக இருக்கலாம். குறட்டையோ, மூச்சுத் திணறி விழிப்பதோ, ராத்திரி பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதோ இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தவும் குளுக்கோமீட்டர் எண்களைக் குறித்துவைக்கவும் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். மகனின் அக்கறை பெரிது. அவர் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாற வேண்டும். இனி போன் செய்தால் 'இன்றைக்கு எத்தனை அடி?' என்று கேட்க வேண்டாம், கடைசி ஹெச்பிஏ1சி எவ்வளவு, கண்ணையும் காலையும் டாக்டர் பார்த்தாரா என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்த பார்சலில் உங்கள் மீட்டருக்குப் பொருந்தும் ஸ்ட்ரிப் இரண்டு பெட்டி வரட்டும்.