உள்ளறையில் ஓடிய எழுத்து: பழைய மின்பலகைகள் பற்றிக் கேள்வி பதில்

கணினிகள் வருவதற்கு முன்பே கட்டடச் சுவர்களில் பல்பு எழுத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. அது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: சிப் இல்லை, மென்பொருள் இல்லை. எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று எது முடிவு செய்தது?

எழுத்தேதான். உள்ளே ஓர் அறையில், பலகையின் பல்புகள் இருக்கும் அதே வரிசையில் சின்னச் சின்னத் தொடர்பு முனைகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் அதற்குரிய பல்புக்கு ஒயர் போகும். வெளியே தெரியும் பெரிய பலகைக்கு உள்ளே ஒரு குட்டி நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலை உரசிக்கொண்டு உலோகத்தால் ஆன ஓர் எழுத்து நகர்கிறது. அது தொடும் முனைகளுக்குரிய பல்புகள் எரியும். கொஞ்சம் நகர்ந்ததும் அவை அணைந்து, பக்கத்துப் பல்புகள் எரியும். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு எழுத்து ஓடுகிறது. நிஜமாக ஓடியதோ யாரும் பார்க்காத அந்த அறைக்குள்!

கேள்வி: நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த செய்திப் பலகையும் இப்படித்தானா?

ஆமாம், இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். டைம்ஸ் டவர் கட்டடத்தைச் சுற்றி 380 அடி நீளம், 5 அடி உயரம், 14,800 பல்புகள். 1928 நவம்பர் 6, அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று ஓடத் தொடங்கி, ஹூவர் வென்ற செய்தியைக் காட்டியது. உள்ளே இருந்த சால்டர் (ஒயரை உருக்கிய உலோகத்தால் பற்றவைக்கும்) இணைப்புகள் மட்டும் 88,000. பல்புக் கணக்கைவிட இந்தக் கணக்குதான் எனக்கு மலைப்பு. ஒரே ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று அசையாமல் நிற்கும். எழுத்துகள் அதைத் தாண்டித் தாண்டிப் போகும்.

செய்தி தந்திக் கருவியில் வந்து சேரும். அச்சகத்தில் எழுத்து வைத்திருக்கும் அறைப்பெட்டி போலவே இங்கும் ஒன்று உண்டு. அதில் மெல்லிய எழுத்துத் தகடுகள். பணியாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சட்டத்தில் கோர்ப்பார். நிரம்பிய சட்டத்தைத் தடத்தின் ஒரு முனையில் செருகினால், சங்கிலி அதை இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் நடப்பதுதான் மேலே சொன்ன உரசல். அச்சுக்கோர்க்கப் பழகிய யாரும் இந்த வேலையைச் சீக்கிரம் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1945 ஆகஸ்ட் 14 மாலை 7:03க்கு, ஜப்பான் சரணடைந்ததை அதிபர் ட்ரூமன் அறிவித்த செய்தி இதில்தான் ஓடியது. கீழே பெருங்கூட்டம் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது.

கேள்வி: துளையிட்ட காகிதச் சுருள் என்று கேள்விப்பட்டேனே?

அதுவும் உண்டு. உலோக எழுத்துக்குப் பதில் துளையிட்ட காகிதம் நகரும். காகிதம் மின்சாரத்தைக் கடத்தாது. துளை வரும் இடத்தில் மட்டும் தொடர்பு கிடைக்கும், பல்பு எரியும். சுருளின் இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடும். ஆனால் காகிதம் நைந்துபோகும்.

கேள்வி: இதற்கு முன்னால் அசையும் மின்பலகையே கிடையாதா?

இருந்தது, ஆனால் செய்தியை மாற்ற முடியாது. எடிசனின் பொறியாளர் வில்லியம் ஹாமர் 1882இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எடிசன் பெயரைப் பல்புகளால் எழுதிக் காட்டினார். கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச்தான். அடுத்த ஆண்டு பெர்லினில் மோட்டார் சுற்ற, அதே பெயர் எழுத்து எழுத்தாக எரிந்தது. பிறகு வந்த பல விளம்பரங்களுக்கும் சுழலும் டிரம்தான் அடிப்படை: உருளைமேல் செம்புப் பட்டைகள், அவற்றை உரசும் பிரஷ்கள், அதாவது மின்சாரம் கடத்தும் தொடுமுனைகள். பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மின்சாரம் பாயும். சரி, வாசகத்தை மாற்ற வேண்டுமென்றால்? பட்டைகளையே மாற்றி வைக்க வேண்டும். அன்றன்றைய செய்திக்கு அது எப்படி ஒத்துவரும்?

கேள்வி: இன்னும் வேகமாக ஓட்டியிருக்கலாமே?

பல்பு விடாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் ஃபிலமென்ட், அதாவது பல்புக்குள் எரியும் கம்பி, சூடு ஆறும்வரை கொஞ்சம் ஒளிரும். வேகத்தைக் கூட்டினால் எழுத்துக்குப் பின்னால் வால் முளைத்து வாசிக்கவே முடியாது. குறைந்த வாட் பல்புகளில் ஃபிலமென்ட் மெலிது, சீக்கிரம் ஆறும். அதனால் அவைதான் இதற்குத் தோது.

கேள்வி: எழுத்து ஓடுவதாகத் தெரிவது கண் செய்யும் வேலையா, மூளை செய்யும் வேலையா?

பெரும்பாலும் மூளை. பக்கத்துப் பக்கத்து விளக்குகள் அடுத்தடுத்து எரிந்தால் ஒரே பொருள் நகர்வதாக அது எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

கேள்வி: படம் ஓட்ட முடியாதா சார்?

எழுத்துத் தகட்டால் முடியாது. 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் விளம்பரப் பலகை வடிவமைப்பாளர் டக்ளஸ் லீ வேறு வழியில் போனார். தகடும் பிரஷும் இருந்த இடத்தில் ஒளியுணர் செல்கள் வந்தன. அவற்றின்மேல் அசையும் நிழலுருவத்தை விழவைத்தால், எந்தச் செல்லில் ஒளி, எதில் நிழல் என்பதைப் பொறுத்து அதற்குரிய பல்பு எரியும் அல்லது அணையும். ஆக, கார்ட்டூன் பொம்மைகளும் சுவரில் நடக்க ஆரம்பித்தன.