வாசகர் கேள்விகள்: ஆமையின் சிக்னல் ஏன் நின்றது?

கேள்வி: கடலாமையின் ஓட்டில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி சில மாதங்களில் மௌனமாகிவிட்டால், ஆமை இறந்துவிட்டது என்று அர்த்தமா?

பதில்: அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. கருவியே ஊமையாகிவிடுவது சகஜம். ரேடியோ அலை கடல்நீரைத் தாண்டி மேலே வராது. எனவே ஆமை மூச்சு வாங்க வரும்போது மட்டும் சிக்னல் போகும்படி, கருவியின் வெளியே இரண்டு உலோக முனைகள் இருக்கும். உப்புநீர் இரண்டையும் இணைத்தால் சிக்னல் நிற்கும். காற்றுப் பட்டால் கிளம்பும். முனைகளின் மேல் பாசியோ, கொட்டலசு எனும் ஒட்டி வளரும் சிறு கடலுயிரோ படர்ந்தால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். ஆமை மேலே வந்தாலும் கருவிக்குத் தெரியாது. ஆன்டெனா ஒடிவதும் உண்டு.

அதனால் பொருத்தும்போதே பாசி பிடிக்காத பெயின்ட் பூசுவார்கள். முனைகளில் அது துளியும் படக்கூடாது. கருவியை ஒட்டும் எபாக்ஸி பசை இறுகும்போது சூடாகும். அள்ளி அப்பினால் ஓட்டுக்குக் கேடு. மெல்லிய அடுக்காகப் பூசி, அது ஆறிய பிறகே அடுத்த அடுக்கு.

கேள்வி: ஒரே ஒரு சிக்னல் வந்தால் இடம் தெரிந்துவிடுமா?

பதில்: நம்பும்படியாகத் தெரியாது. 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் முறையில், செயற்கைக்கோள் நெருங்கி விலகும்போது சிக்னலின் அதிர்வெண் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே இடத்தைக் கணிக்கிறார்கள். ஒரு முறை கடக்கும்போது நான்கு சிக்னலாவது கிடைத்தால்தான் பிழையின் அளவை நம்பிச் சொல்ல முடியும். குறைவாகக் கிடைத்த புள்ளிகளை வடிகட்டாமல் கோடு போட்டால், ஆமை ஊருக்குள் நடந்துபோகும்!

கேள்வி: 100 கிராம் பறவைக்கும் இப்படிக் கருவி மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் எடைதான் முதல் கணக்கு. உடல் எடையில் 3 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 100 கிராமுக்கு 3 கிராம். கட்டும் வாரும் பசையும் அதற்குள் அடக்கம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவையின் காலில், வெளிச்சத்தின் அளவைப் பதியும் 1.4 கிராம் கருவி மாட்டி, அப்பறவை ஆண்டுக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர் பறப்பதை 2010இல் வெளியிட்டார்கள். அந்தக் கருவியில் இருப்பது கடிகாரமும் ஒளி உணரியும்தான். பகலின் நீளம் அட்சரேகையைச் சொல்லும், நண்பகல் நேரம் தீர்க்கரேகையைச் சொல்லும். மார்ச், செப்டம்பர் சமபகல் நாட்களை ஒட்டி அட்சரேகைக் கணக்கு உதவாது. அப்போது எங்கும் பகல் ஒரே நீளம். தவிர, அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் தகவல் கைக்கு வரும்.

கேள்வி: விலங்கின் இருப்பிடத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டலாமே?

பதில்: வேண்டாம். வேட்டைக்காரரும் அதே வரைபடத்தைத்தான் பார்ப்பார். சில வாரம் தாமதித்து, இடத்தைத் தோராயமாக்கி வெளியிடுங்கள். கூடு, குகை, நீர்நிலை இருக்கும் புள்ளிகளை அப்போதும் காட்டாதீர்கள்.