விளக்குக்குக் காசு எந்த வழியில் வரும்?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். மாஸ்கோவில் யோகா நிலையம் நடத்தும் ஒருவர் 30 விளக்கு கேட்கிறார். அவருடைய வங்கியால் டாலர் அனுப்ப முடியவில்லையாம். துபாயில் இருக்கும் நண்பரின் கம்பெனி திர்ஹாமில் அனுப்பட்டுமா, இல்லை சென்னையில் ஓர் ஆள் ரொக்கமாகக் கொண்டுவந்து தரட்டுமா என்கிறார். ரஷ்யா மீது தடை இருக்கிறதே, சரக்கு அனுப்பலாமா?

பதில்: முதலில் அந்த ரொக்கத்தை மறந்துவிடுங்கள். அதற்குப் பெயர் ஹவாலா. சரக்கு போனதற்கு ஷிப்பிங் பில் இருக்கும், அதற்கு ஈடாக வங்கியில் பணம் வந்த தடயம் இருக்காது. நாளைக்கு ஃபெமா என்ற அன்னியச் செலாவணிச் சட்டத்தில் கேள்வி வந்தால் நிற்கப்போவது நீங்கள்தான், மாஸ்கோக்காரர் இல்லை.

சரக்கு தாராளமாக அனுப்பலாம். ஐ.நா. பாதுகாப்பு சபை போடும் தடைகளுக்குத்தான் இந்தியா கட்டுப்படுகிறது. ரஷ்யா மீது இருப்பவை அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் போன்றவை தாங்களாகப் போட்டவை. பித்தளை விளக்கை அனுப்பக் கூடாது என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வங்கி தயங்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால் அதோடு பேசுவது சுலபம்.

மாஸ்கோவிலிருந்து கும்பகோணத்துக்கு டாலர் நேராக வருவதில்லை. இரண்டு பக்கத்து வங்கிகளுக்கும் நியூயார்க்கில் ஏதாவது ஒரு வங்கியில் கணக்கு இருக்கும். அங்கே ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான். எல்லோரும் பேசும் ஸ்விஃப்ட், பெல்ஜியத்தில் இருக்கும் செய்திப் பரிமாற்ற அமைப்பு. பணத்தை அது சுமப்பதில்லை. 2022 மார்ச்சில் ஏழு ரஷ்ய வங்கிகளை அதிலிருந்து நீக்கினார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய பிடி அந்த நியூயார்க் கணக்குதான். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மதகைத் தூக்கினால்தானே நம் வாய்க்காலுக்கு வரும்? அமெரிக்கா தடை போட்டிருந்த சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணத்தை அந்த நியூயார்க் மதகு வழியாக விட்டதற்காக பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014இல் சுமார் 890 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. அதைப் பார்த்த எந்த வங்கியும் உங்கள் 30 விளக்குக்காகத் தன் நியூயார்க் கணக்கைப் பணயம் வைக்காது.

துபாய் வழி தப்பில்லை, ஆனால் நச்சரிப்பு அதிகம். வாங்குபவருக்குப் பதில் மூன்றாமவர் பணம் கட்டுவதை ரிசர்வ் வங்கி நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், அந்த மூன்றாமவர் யார் என்பதை ஏற்றுமதிப் பத்திரத்திலேயே காட்ட வேண்டும். அப்புறம் பெயர்ச் சோதனை இருக்கிறது. நான் அன்னியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தபோது வளைகுடாவிலிருந்து வந்த ஒரு சின்னத் தொகை நாள்கணக்கில் நின்றுபோனது. அனுப்பியவர் பெயரும் அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்த யாரோ ஒருவர் பெயரும் ஒன்றாக இருந்ததுதான் காரணம். பாஸ்போர்ட் நகல், பிறந்த தேதி எல்லாம் வாங்கி, இவர் அவர் இல்லை என்று காட்டிய பிறகே விட்டார்கள். அதனால் துபாய் கம்பெனியின் லைசென்ஸ் நகலையும் உரிமையாளர் பெயரையும் இப்போதே வாங்கி வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ரூபாய் வழி. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு கதவைத் திறந்தது: வெளிநாட்டு வங்கி ஒன்று நம் நாட்டு வங்கியில் சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு தொடங்கி, அதிலிருந்தே நம் ஏற்றுமதியாளருக்குப் பணம் தரலாம். நியூயார்க் பக்கமே போக வேண்டாம். ரஷ்யர்களுக்கும் இது வசதிதான். நாம் அவர்களிடம் எண்ணெயாக வாங்கிக் குவித்தோம், அவர்கள் நம்மிடம் வாங்கியது கொஞ்சம். ரூபாய் இங்கேயே தேங்கிப்போனது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இதை வெளிப்படையாகவே சொன்னார். அப்படி இந்தக் கணக்குகளில் சேரும் ரூபாயிலிருந்துதான் உங்கள் விளக்குக்குக் காசு வரப்போகிறது. இந்த வழியில் வரும் ரூபாய்க்கும் ஏற்றுமதிச் சலுகை உண்டு.

ஒரு சிக்கல்: ஸ்பெர்பேங்க், வி.டி.பி. போன்ற பெரிய ரஷ்ய வங்கிகளே அமெரிக்கப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டதும் சில வங்கிகள் ரூபாயாக இருந்தாலும் வேண்டாம் என்றுவிடும். கிளை மேலாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, பாவம், அவர் கையில் நகைக்கடனும் பயிர்க்கடனும்தான். வங்கியின் அன்னியச் செலாவணிக் கிளைக்கே எழுதுங்கள். மாஸ்கோக்காரரின் வங்கிப் பெயரைக் குறிப்பிட்டு, ‘இங்கிருந்து வோஸ்ட்ரோ வழியாக வரும் ரூபாயை என் கணக்கில் ஏற்பீர்களா?’ என்று ஈமெயிலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். மறுத்தால் ஏற்கும் வேறொரு வங்கியில் கணக்கு தொடங்குங்கள்.

முழுத் தொகையும் கணக்கில் ஏறிய பிறகு பெட்டி கட்டினால் போதும். இன்வாய்ஸில் விலையை ரூபாயிலேயே போடுங்கள். பழைய டாலர் விலைப்பட்டியலை அப்படியே அனுப்பினால் வங்கி முதலில் அதைத்தான் திருப்பியனுப்பும்.