டிரேசி சாப்மன்: எட்டே ஆல்பம், திரும்பத் திரும்ப ஹிட்டான ஒரு பாட்டு

2024 கிராமி விழா வீடியோவில் நரைத்த சடைமுடியோடு ஒரு அம்மா கிடார் வாசித்துப் பாடுகிறார். பக்கத்தில் நிற்கும் இளம் பாடகர் சாமி கும்பிடுகிற மாதிரி அவரையே பார்க்கிறார். யார் இவர்? (வாசகி, கோவை)

டிரேசி சாப்மன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கிளீவ்லாந்தில் 1964-ல் பிறந்தவர். பக்கத்தில் நின்றவர் லூக் கோம்ப்ஸ், அங்கே கன்ட்ரி எனப்படும் கிராமியப் பாணி இசையில் இப்போது பெரிய கை. இருவரும் பாடிய 'ஃபாஸ்ட் கார்', சாப்மன் தனியாக எழுதி, இசையமைத்து, 1988-ல் வெளியிட்ட பாட்டு. கோம்ப்ஸ் பிறந்ததே 1990-ல்தான். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டை 2023-ல் தன் ஆல்பத்தில் பாடினார், அது அமெரிக்காவின் வாராந்தர ஹிட் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் 2-வது இடம் வரை போய்விட்டது. சாப்மன் பாடிய அசல் 1988-ல் 6-வது இடத்தோடு நின்றது.

கோம்ப்ஸிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. பாட்டில் கதை சொல்லும் பெண் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலைக்குப் போவாள். ஆண் பாடுகிறோமே, மாற்றிக்கொள்வோம் என்று நினைக்காமல் அந்த வரியை அப்படியே பாடியிருக்கிறார். அவர் பார்வையில் பக்தி தெரிவதில் ஆச்சரியமில்லை. சாப்மன் 2009-க்குப் பிறகு சுற்றுப்பயணக் கச்சேரியே செய்யாதவர், அவரை மேடையில் பார்ப்பதே அபூர்வம். விழா முடிந்த கையோடு ஜனங்கள் பழைய பதிவைத் தேடி வாங்க, அசல் 'ஃபாஸ்ட் கார்' ஹாட் 100-ல் 42-வது இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தது.

அப்படியானால் ஒரே ஒரு ஹிட் கொடுத்தவர்தானே? (வாசகர், திருச்சி)

இல்லை. பட்டியலை மட்டும் பார்த்தால் அமெரிக்காவில் அவருடைய சொந்தக் குரலில் அதிக உயரம் போனது 'ஃபாஸ்ட் கார்' கூட இல்லை. 1995-ல் வந்த 'நியூ பிகினிங்' ஆல்பத்தில் இருக்கும் 'கிவ் மீ ஒன் ரீசன்' 1996-ல் 3-வது இடத்துக்குப் போனது, அடுத்த வருடம் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமியும் வாங்கியது. எளிமையான ப்ளூஸ் பாட்டுதான், அவர் 1989-லேயே தொலைக்காட்சியில் பாடிக் காட்டியதுதான், ஆறு வருடம் கழித்து ஆல்பத்தில் சேர்த்தார். அதற்கு முந்தைய 'மேட்டர்ஸ் ஆஃப் தி ஹார்ட்' (1992) விற்பனையில் சறுக்கியபோது இவர் கதை முடிந்தது என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அதற்கு அடுத்த ஆல்பம்தான் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதி போனது.

மொத்தம் எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள். முதலாவது 1988-ல், கடைசி 'அவர் பிரைட் ஃப்யூச்சர்' 2008-ல். இருபது வருடத்துக்கு எட்டு குறைவுதான், ஆனால் இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு அவற்றில் அதிகம் கிடையாது. 2000-க்குப் பிறகு வந்த மூன்று நான்கு ஆல்பங்களை ரேடியோக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இன்னொருவர் கருவி பழுதானதால்தான் அவர் பிரபலமானார் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பாதி உண்மை. 1988 ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி மைதானம், சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு 70-வது பிறந்தநாள் கச்சேரி, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒளிபரப்பு. சாப்மன் தன் பங்கை முன்னாடியே பாடி முடித்துவிட்டார். அப்புறம் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரத்தில், அவருடைய இசை முழுக்கப் பதிந்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கைக் காணோம். மனிதர் பாட முடியாது என்று கிளம்பிவிட்டார். மேடையைக் காலியாக விட முடியாதே, வயரும் வேண்டாம் வாத்தியக் குழுவும் வேண்டாம் என்று ஒரு கிடாரோடு உடனே ஏறக்கூடியவர் யார் என்று பார்த்து சாப்மனை அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் 24 வயதுப் பெண் தனியாக நின்று 'ஃபாஸ்ட் கார்' பாடினார். ஏப்ரலில் வந்திருந்த முதல் ஆல்பம் அதற்குப் பிறகுதான் வேகமெடுத்து பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடத்துக்குப் போனது.

மீதிப் பாதி என்னவென்றால், அவர் அங்கே வந்ததே தற்செயல் இல்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தபோது, தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பாடியவர் அவர். அங்கே கேட்டு அசந்துபோன பிரையன் கோப்பல்மன் என்ற சக மாணவர், கல்லூரி வானொலி நிலையத்தில் இருந்த அவருடைய டேப்பை நைசாகக் கொண்டுபோய், இசைப் பதிப்பகம் நடத்திய தன் அப்பாவிடம் போட்டுக் காட்டினார். அந்த வழியில்தான் எலெக்ட்ரா கம்பெனி ஒப்பந்தம் வந்தது.

அவர் பாடுவது நாட்டுப்புற இசையா, பாப் இசையா? (வாசகி, தஞ்சாவூர்)

1989 கிராமியில் சமகால ஃபோக் (நாட்டுப்புற இசை) விருது, பெண் பாப் குரலுக்கான விருது, புதுமுக விருது மூன்றும் அவருக்கே. நடுவர்களே முடிவு செய்யவில்லை, நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

இவர் எழுதியதை வேறு ஒருவர் பாடி மேலே போகிறார். இது அநியாயம் இல்லையா? காசு யாருக்குப் போகும்? (வாசகர், சென்னை)

கோபம் நியாயம்தான், ஆனால் கணக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு பதிவில் இரண்டு சொத்து இருக்கிறது. வார்த்தையும் மெட்டும் ஒன்று, பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. கோம்ப்ஸின் ஒலிப்பதிவு அவர் தரப்பைச் சேர்ந்தது, பாட்டு சாப்மனுடையது. அமெரிக்காவில் ஒரு விசித்திரம் உண்டு, சாதாரண ஏ.எம்., எஃப்.எம். ரேடியோக்கள் பாட்டை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் மட்டுமே ராயல்டி தரும், பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. 2023-ல் கன்ட்ரி ரேடியோ எல்லாம் அந்தப் பாட்டை ஓட்டித் தேய்த்தபோது, ரேடியோ பணம் போனது எழுதியவர் பக்கம்தான். ஆன்லைனில் கேட்பது வேறு கணக்கு, அதில் ஒலிப்பதிவுக்காரருக்குத்தான் பெரிய பங்கு.

பேரும் சாப்மனுக்குத்தான் சேர்ந்தது. கன்ட்ரி ரேடியோவில் அதிகம் ஓடும் பாட்டுகளைச் சொல்லும் கன்ட்ரி ஏர்ப்ளே பட்டியலில் தனியாக எழுதிய பாட்டோடு முதலிடம் தொட்ட முதல் கறுப்பினப் பெண், அப்புறம் அதே வருடம் கன்ட்ரி இசைச் சங்கம் தரும் சி.எம்.ஏ. விருதில் 'சிறந்த பாட்டு' வாங்கிய முதல் கறுப்பினப் பாடலாசிரியர். பாட்டு வெளிவந்து 35 வருடம் கழித்து! (விழாவுக்கு அவர் போகவில்லை, நன்றி சொல்லி ஒரு குறிப்பு அனுப்பினார். அதுதான் சாப்மன்.)

இது முதல் தடவையும் இல்லை. 1997-ல் பாய்ஸோன் குழு 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ'வைப் பாடி பிரிட்டனில் 2-வது இடம் பிடித்தது, சாப்மன் பாடியபோது அது அமெரிக்காவில் 48-ஐத் தாண்டவில்லை. 2011-ல் பிரிட்டிஷ் டி.வி. போட்டி ஒன்றில் ஒருவர் 'ஃபாஸ்ட் கார்' பாட, அசல் பதிவே அங்கே 4-வது இடத்துக்கு ஏறியது, 1988-ல் 5-வதுதான். 2016-ல் ஜோனாஸ் ப்ளூ அதை நடனப் பாட்டாக்கி 2-வது இடம். குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, வறுமை என்று போகிற கதைக்கு கிளப்பில் ஆடுவது எனக்கு ஒட்டவில்லை, ஆனால் சார்ட்டுக்கு அது தெரியாது.

சாப்மன் ஒரு எல்லை மட்டும் வைத்திருக்கிறார். முழுப் பாட்டைப் பாடலாம், அதற்குச் சட்டப்படி கட்டணம் கட்டினால் போதும். துண்டு வெட்டி வேறு பாட்டுக்குள் வைக்க அனுமதி வேண்டும், அதை அவர் தருவதில்லை. ராப் பாடகி நிக்கி மினாஜ் கேட்டு மறுக்கப்பட்ட பிறகும் 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ'வை எடுத்துச் செய்த பாட்டு 2018-ல் ரேடியோவில் கசிந்தது. சாப்மன் வழக்குப் போட்டார், 2021-ல் 4,50,000 டாலரில் சமரசம் ஆனது.

இந்தியாவில் பாடியிருக்கிறாரா? (வாசகர், நாகர்கோவில்)

பாடியிருக்கிறார். 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். ஆம்னஸ்டி அமைப்பின் மனித உரிமைச் சுற்றுப்பயணம், கூடவே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூசு ந்தூர்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (வாசகி, கோவை, மறுபடியும்)

முதல் ஆல்பம், பெயரே 'டிரேசி சாப்மன்'தான். 2025-ல் வைனல் இசைத்தட்டாகவும் மறுபடி வந்திருக்கிறது. 'ஃபாஸ்ட் கார்' எப்படியும் காதில் விழுந்துவிடும், நீங்கள் 'பிஹைண்ட் தி வால்' கேளுங்கள். வாத்தியமே கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடி வாங்கும் சத்தம், தாமதமாக வரும் போலீஸ், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதை சிங்கிளாக (தனிப்பாட்டாக) வெளியிட்டிருந்தால் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது, என்னைக் கேட்டால் ஆல்பத்தில் முதலிடம் அதற்குத்தான்.